கற்பூரம் அணைத்த சத்தியம்

அன்பு மகள் பிரகதீஸ்வரிக்கு அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, நீயாவது அங்கே சுகமாக இரு. போனில் பேசினால் அழுகைதான் முந்திக்கொள்கிறது, அதனால்தான் கடிதம்.

உன் அண்ணன் ராம்கி உன்னிடம் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டான். அவன் மகள் பூமிகாவுக்கு வந்தது மூளைக்காய்ச்சல்தான், நீ ஆராய்ச்சி செய்யும் அதே வைரஸால் வருவது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கிடந்து, நேற்றுதான் பாபநாசம் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஆறு வயதுக் குழந்தை, பெற்றவளையே யாரோ போலப் பார்க்கிறாள், சோற்றை வாயில் வைத்தால் விழுங்கத் தெரியவில்லை. டாக்டர் நல்ல மனுஷர், "இதுக்குன்னு மருந்து இன்னும் வரலம்மா, உடம்பு தாங்குறதுக்குத்தான் பாக்குறோம்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அப்பா மூன்று வாரமாக வயல் பக்கம் போகவில்லை, சம்பாவில் களை மண்டிக் கிடக்கிறது, அதைப் பற்றிப் பேசவும் யாருக்கும் மனமில்லை.

எனக்கு வேறொன்று நெஞ்சை அறுக்கிறது. நீ ஜெர்மனிக்குக் கிளம்பிய அன்று சாமி முன்னால் எரிந்த கற்பூரத்தை உன் கையால் அணைக்க வைத்து, உயிருள்ள வைரஸைத் தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். நீயும் காப்பாற்றினாய். பெருகும் பகுதியை எடுத்துவிட்ட வைரஸில்தான் வேலை என்றாய், "அவிச்ச நெல்லு மாதிரிம்மா, பாக்க நெல்லு, வெதச்சா மொளைக்காது" என்றாய். நான் தெருவெல்லாம் சொல்லிப் பெருமையடித்தேன். போன ஆடியில் நீ போனில் பேசும்போது, அதை வைத்தே ஒரு மருந்து பிடிபட்டது, இனி நிஜ வைரஸில் சோதிக்க வேண்டும், பாதுகாப்புப் பூட்டு போட்ட ஆய்வகத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள், சத்தியத்துக்காக மறுத்துவிட்டேன், வேறு ஆள் பழகி வர ஒரு வருஷமாகும் என்றாய். நான் நிம்மதியாகத் தூங்கினேன் பிரகா. அந்த ஒரு வருஷத்தில் எத்தனை வீட்டுக் குழந்தைகள் படுக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எப்படியும் பூமிகாவுக்கு அந்த மருந்து வந்து சேர்ந்திருக்காது, இன்னும் பல வருஷமாகும் என்பாய், தெரியும், தெரிந்தும் மனசு ஆறவில்லை.

குருக்களிடம் கேட்டேன், "கற்பூரத்த அணைச்சு செஞ்ச சத்தியத்துக்கு மாத்து கெடையாதுங்க" என்றார். கிடையாவிட்டால் போகட்டும், அந்தப் பாவம் சத்தியம் வாங்கின என் தலையில் விடியட்டும், நீ அந்த ஆய்வகத்துக்குப் போ. உன்னையும் அந்த வைரஸ் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறேனே என்று பயமாகவும் இருக்கிறது. கையுறை மாட்டுவதில் அவசரப்படாதே, அசதியான நாளில் உள்ளே நுழையாதே, சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே.

அப்பாவும் நானும் உனக்கு நீண்ட ஆயுளைத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறோம். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா, அழாமல் வா. உன் போட்டோவைக் காட்டி பூமிகாவுக்கு "அத்தை" என்று சொல்லித் தருகிறோம். இன்னும் வாய் அசையவில்லை.

உன் அம்மா,
சாவித்திரி பஞ்சநதம்