சீனியின் உண்மையான எடை

என் பிடிவாதக்கார அக்காவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. உங்கள் பூனை சீனி இப்போது வெள்ளவத்தையில் என்னோடுதான் இருக்கிறாள். கொட்டாஞ்சேனையில் நீங்கள் கொடுத்த செல்லமெல்லாம் இங்கே நடக்காது என்று முதல் நாளே சொன்னேன். அவள் கேட்கவில்லை, உங்களைப் போலவே.

நல்ல செய்தியோடு எழுதத்தான் காத்திருந்தேன். ஆனால் அவளுக்குக் குடலில் புற்றுநோய். மருந்து இருக்கிறது. பயப்படாதீர்கள், நான் விடப்போவதில்லை.

அந்த மருந்தை உடற்பரப்புக்கு ஏற்றபடிதான் கொடுக்க வேண்டும். கூடினால் அதுவே அவளைக் கொன்றுவிடும். குறைந்தால் கட்டி கரையாது. பூனையைப் பிடித்து நாடாவால் அளக்க முடியுமா? எடை பார்த்து, அதற்குரிய பரப்பை அட்டவணையில் பார்க்கிறோம். எடை பிழைத்தால் எல்லாம் பிழை.

திங்கட்கிழமை என் மிருக கிளினிக்கில் உதவியாளர் ஷிஃபானா அவளை நிறுத்துவிட்டு, "நாலு கிலோ, டொக்டர்" என்றாள். நாலு கிலோ என்றால் சதுர மீட்டரில் கால் பங்கு. அதற்குரிய மருந்தைக் கணக்கிட்டு எழுதியும்விட்டேன். ஊசி ஏற்றுவதற்காக அவளைத் தூக்கியபோதுதான் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. இது நாலு கிலோப் பூனையா?

"எப்பிடி நிறுத்தனீர்?" என்று கேட்டேன்.

"கூடையோடதான். கார்டில அப்பிடித்தானே எழுதி வெச்சிருக்கீங்க."

என் கையெழுத்துத்தான். ஒவ்வொரு தடுப்பூசிக்கும் நீங்கள் பிரம்புக் கூடையை அப்படியே தராசில் வைத்து, "வெளிய எடுக்காதையடி, பிள்ளை பயந்திடுவாள்" என்பீர்கள். உங்களோடு யார் வாதாடுவது? தடுப்பூசிக்கு எடை பெரிய விஷயமில்லை என்று, கூடையையும் அதில் விரித்த துவாயையும் சேர்த்தே எழுதிவந்தேன். சீனி கொழுத்துவிட்டாள் என்று உங்களுக்கும் சந்தோஷம்.

கூடையில்லாமல் நிறுத்தோம். என் முழங்கையைப் பிறாண்டிவிட்டாள். இரண்டு கிலோ எண்ணூறு. பரப்பு சதுர மீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான், அக்கா. முதல் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கணக்கிட்டேன். ஷிஃபானாவையும் தனியே கணக்கிடச் சொன்னேன். இரண்டும் ஒத்துவந்த பிறகுதான் மருந்தை ஏற்றினேன். இன்று நான்காம் நாள். நேற்றுக் கொஞ்சம் மீன் தின்றாள். அடுத்த ஊசியைத் தாங்குவாளா, தெரியாது.

கடைசி மாதங்களில் நீங்கள் தொளதொளவென்று சட்டை போட்டுக்கொண்டுதான் இங்கே வருவீர்கள். கேட்டால், "ஒண்டுமில்லையடி, நல்லாச் சாப்பிடுறன்" என்பீர்கள். மிருகங்களைத் தடவிப் பார்த்தே நோய் சொல்கிற நான், உங்கள் கையைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. நீங்கள் ஏன் நோயை மறைத்தீர்கள்? நான் ஏன் நம்பினேன்?

சீனியை அப்படி விடமாட்டேன். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் அவளை என் கையால் தூக்கி நிறுப்பேன். பிறாண்டட்டும். மெலிந்தால், மெலிந்துவிட்டாள் என்றே எழுதுவேன்.

இம்முறை கண்ணைத் திறந்து வைத்திருக்கும்
உங்கள் தங்கை