முனீப் கொண்டுபோன பயற்றுப் பெட்டி

அன்பின் மகன் அஸ்ஹானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் இந்த எழுத்துக்காக மன்னித்துக்கொள். வரிகள் கோணலாகப் போகின்றன, ஓரெழுத்து பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் விழுகிறது, ‘ழ’ வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஓம் மகன், இது உன் வாப்பாவின் கைதான். வாசிகசாலையில் பின்னேரங்களில் என்னைப் போன்ற கிழடுகளுக்கு நடக்கும் வகுப்புக்குப் போய் எழுபத்தொரு வயதில் எழுதப் பழகிவிட்டேன். அந்தச் சந்தோசத்தில் கடைப் பலகைகளை எல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டு தெருவில் நடக்கிறேன், சனம் சிரிக்கிறது, சிரிக்கட்டும். நேற்று போனில் உன்னுடன் கதைக்கப் பார்த்தேன், நீ கத்திவிட்டு வைத்துவிட்டாய். கடிதம் என்றால் நீ இடையில் வெட்ட ஏலாது. வெள்ளிக்கிழமை டோஹாவுக்கு ஏறும் இஹ்ஸானின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், கடைசி வரி வரைக்கும் வாசி.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. என் மூத்த மகன், உன் காக்கா முனீபுக்கு இடது கை முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது, எனக்கு ஒரு பல் குறைந்துவிட்டது, மற்றபடி அல்லாஹ்வின் கிருபையால் ஒரு குறையுமில்லை. நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். லீவில் வந்து பலசரக்குக் கடை றம்ஸானின் இரண்டு காலையும் முறிப்பேன் என்று அவனுடைய போனுக்கே எடுத்துச் சொல்லியிருக்கிறாய். முனீப் உனக்குப் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறான். மற்றப் பாதியையும் கேட்டுவிட்டு யோசி.

நோன்புக்கு முன்பு ஒருநாள் முனீப் மீன் துறைமுகத்துக் குளிரறையில் பெட்டி இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். உடம்பைக் குறைக்காவிட்டால் அடுத்த முறை எழும்ப மாட்டாய் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இந்த நெஞ்சு வருத்தம் தெரிந்தால் வேலையால் நிறுத்திவிடுவார்கள் என்று அவன் வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் சொல்லவில்லை, உனக்கும்தான். அன்று தொடக்கம் அவன் பெண்சாதி, உன் மச்சி உம்மு குல்சும் அவனுக்குச் சாப்பாட்டுப் பெட்டி கட்டுகிறாள். அவளுக்கும் தையல் வேலை, நின்று சமைக்க நேரமில்லை. இரவில் பயற்றை ஊறப் போட்டுவிட்டுப் படுப்பாள், விடிய அதை அவித்து வெள்ளரிக்காயும் வெங்காயமும் அரிந்து தேசிக்காய் பிழிவாள். பக்கத்து அடுப்பில் ஒரு துண்டுப் பாரை மீன் எண்ணெயில்லாமல் புளித்தண்ணீரில் வேகும். ஒரு பிடி முருங்கை இலையைத் தேங்காய்ப்பூக் கொஞ்சம் தூவி வறை ஆக்குவாள். சோறு ஒரு கைப்பிடி, அதற்கு மேல் இல்லை. சுபஹுத் தொழுதுவிட்டு நான் வீட்டுக்கு வர எல்லாம் முடிந்துவிடும். முனீபின் சாரன் இப்போது இடுப்பில் நிற்குதில்லை, பெல்ட் கட்டுகிறான்.

இப்படி இருக்கும்போது றம்ஸானின் மகனுடைய கலியாண வலீமா விருந்து வந்தது. போகாமல் விட ஏலாது. நம் ஊர் வழக்கப்படி ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து தின்ன ஒரு சஹன் தட்டு, புரியாணி மலைபோல், மேலே கோழி. முனீபின் சஹனில் றம்ஸானே வந்து உட்கார்ந்தான், அது பெரிய மரியாதை. கொழுப்புள்ள துண்டாகப் பார்த்துப் பார்த்து முனீபின் பக்கம் தள்ளினான். முனீப் பிஸ்மி சொல்லிவிட்டு மடியிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்து பயற்றைத் தின்னத் தொடங்கினான். வருத்தத்தைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவன் சொல்லவில்லை, “எனக்கு வேணாம்” என்று மட்டும் சொன்னான். முனீபின் தொழில் என்ன? குளிரறையில் கெட்டதை மணத்திலேயே பிடித்து வெளியே எறிவது. அவன் கோழியில் கை வைக்கவில்லை என்றதும் பக்கத்தில் இருந்தவனின் கை நின்றது, பிறகு அடுத்த சஹன், அதற்கடுத்த சஹன். “கோழி பழசாம், முனீப் கண்டுபிடிச்சிட்டாராம்” என்று கதை குசினி அடுப்பு வரைக்கும் ஓடிவிட்டது. மாப்பிள்ளையின் வாப்பா தன் வீட்டு விருந்தில் சனம் கை கழுவி எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீயாயிருந்தால் என்ன செய்வாய்?

“என்ட சோத்தில நஞ்சாடா வச்சிருக்கன்? மாடு தின்னுற புல்லக் கொண்டு வந்து என்ட பந்தியில தின்னுறியா?” என்று றம்ஸான் பெட்டியைப் பிடுங்கிப் பாயில் கொட்டினான். முதல் அடி முனீபுடையது, மகன். அதை அவன் உனக்குச் சொல்லவில்லை. கை கழுவும் செம்பைத் தூக்கி றம்ஸானின் நெற்றியில் அடித்தான். தோல் பிளந்து இரத்தம் சோற்றில் ஒழுகியது. அதற்குப் பிறகு நான் பார்த்ததை ஒழுங்காக எழுத ஏலாது. றம்ஸானின் தம்பி கதிரையால் அடிக்க, முனீப் கையைக் கொடுத்துத் தடுத்தான், எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவனைப் புரியாணிக்குள் வைத்து மூன்று பேர் மிதித்தார்கள். நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை, ஒருவன் பெரிய அகப்பையைப் பிடுங்கி முதுகு முதுகாக விளாசினான். பெண்கள் பக்கத்திலிருந்து ஓலம். நான் முனீபின் மேல் விழுந்து படுத்தேன், யாரோ என் கழுத்தைப் பிடித்து இழுத்தான், அந்தக் கையைக் கடித்தேன். பல் போனது அங்கேதான். அல்லாஹ் மன்னிக்கட்டும், விடவில்லை, நன்றாகத்தான் கடித்தேன்.

வாசலில் நின்றது ஒரே ஒரு ஓட்டோ. முனீபையும் றம்ஸானையும் அதில்தான் ஏற்றினார்கள், நடுவில் நான். பாலம் தாண்டும் வரைக்கும் ஒருவரை ஒருவர் உதைத்துக்கொண்டு வந்தார்கள், எல்லா உதையும் எனக்குத்தான் பட்டது. ஓட்டோக்காரன் “இன்னொரு உதை விழுந்தா மூணு பேரையும் கடலுக்குள்ள தட்டிட்டுப் போயிருவன்” என்று கத்தினான்.

இனித்தான் உனக்குத் தெரியாத கதை. பெரியாஸ்பத்திரியில் இருவரையும் ஒரே வாட்டில் போட்டார்கள். றம்ஸானின் தையல் ஆறவில்லை, சீழ் கட்டியது. இரத்தத்தைச் சோதித்தால் சீனி தலைக்கு மேல். இந்தக் காயத்துக்கு வந்திருக்காவிட்டால் கொஞ்ச நாளில் காலை வெட்ட வந்திருப்பாய் என்று டொக்டர் அவனை ஏசினார். வீட்டிலிருந்து வந்த இடியப்பமும் தொதலும் வாசலிலேயே திரும்பின. உம்மு குல்சும் அடுத்த நாள் இரண்டு பெட்டி கட்டினாள். “றம்ஸானுக்குமா?” என்று நான் கேட்டேன். “ஊறப் போட்ட பயறு ஊறின பயறுதானே மாமா, ரெண்டு பேருக்கும் காணும்” என்றாள். றம்ஸான் முதல் பெட்டியைத் தூக்கி முனீபின் கட்டிலுக்கு எறிந்தான். இரண்டாம் நாள் பசி. தின்றுவிட்டு விரலைச் சூப்பிக்கொண்டு “உறைப்புமில்ல எண்ணெயுமில்ல, இதுக்காகவாடா என்ட மண்டைய உடைச்சாய்?” என்றான். “கொட்டினது நீ” என்றான் முனீப். அப்போதுதான் தன் நெஞ்சு வருத்தத்தையும் வாய் விட்டுச் சொன்னான். றம்ஸான் வெறும் பெட்டியை மூடி வைத்தான். பிறகு “அண்டைக்கே சொல்லியிருந்தா நானே உனக்கு மீன் அவிச்சுத் தந்திருப்பன் நாயே” என்றான். பொலிசில் கொடுத்த முறைப்பாட்டை இரு பக்கமும் எடுத்துவிட்டோம்.

உனக்கும் சொல்கிறேன் மகன். லொறியின் ஸ்டீரிங்கில் வயிறு முட்டுகிறது என்று நீயே சிரித்துச் சொன்னாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரமில்லை என்று பரோட்டாவும் சோடாவும் விழுங்காதே. அறையில் றைஸ் குக்கர் இருக்கிறதுதானே, பயற்றையோ கடலையையோ இரவில் ஊறப் போடு, காலையில் நீ குளித்து வர அது வெந்துவிடும். டின் மீனின் எண்ணெயை வடித்துவிட்டு வெங்காயமும் தேசிக்காயும் போட்டுப் பிசை. ஒரு வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டே லொறி ஓட்டலாம். சீனி போடாத தேத்தண்ணி முதலில் கசக்கும், பிறகு பழகிவிடும். மருந்து வாங்கும் வயது உனக்கு இன்னும் வரவில்லை.

இனி உன் லீவுக் கதை. நேற்று அசர் தொழுகைக்குப் பிறகு றம்ஸானின் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவுக்குப் பின்னால் குழி தோண்டும் இரும்பு அலவாங்கைச் சாத்தி வைத்திருக்கிறாள். நீ போனில் சொன்ன நாளிலிருந்து புது மாப்பிள்ளையைக் கடை திறக்க விடவில்லை, அந்தப் புதுப்பெண் வாசலுக்கு வரப் பயப்படுகிறாள். “அஸ்ஹான் அடிக்க வரமாட்டான், நான் பொறுப்பு” என்றேன். “உங்கட மகன் கதைச்ச கதைய நீங்க கேக்கல்ல மாமா” என்றாள். “நான் அவனுக்கு எழுதப் போறன்” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், நான் எழுதுவேன் என்பதை நம்பவில்லையோ நீ கேட்பாய் என்பதை நம்பவில்லையோ தெரியாது. ஆனால் அலவாங்கை எடுத்துக் கிணற்றடியில் போட்டாள். என் வாக்கை நம்பித்தான் போட்டாள். இன்று காலை கடையில் பாதிக் கதவு திறந்திருந்தது. மற்றப் பாதியைத் திறக்கச் சொல்ல எனக்கு உன் வாயால் ஒரு வார்த்தை வேண்டும்.

அல்லாஹ் உன் கையையும் கோபத்தையும் காப்பாற்றட்டும், நீண்ட ஆயுளையும் சுகத்தையும் தரட்டும். தொழுகையை விடாதே, சோடாவை விடு. எனக்கு எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, றம்ஸானுக்குப் போன் எடு. வருகிற கிழமை மறுபடியும் எழுதுவேன், கை கொஞ்சம் நேராகியிருக்கும்.

உன் வாப்பா,
கலீலுர் றஹ்மான்
கிண்ணியா