வில்மா அம்மா கொடுத்த வண்டி

அன்பு ஒஃபீலியா,

உன் இடுப்புவலி தேவலையா? அத்தை வேளைக்குச் சாப்பிடுகிறார்களா? நான் நலம்.

பண்ணைக்கார வில்மா அம்மா, இறந்துபோன தன் தம்பியின் பிக்கப் வண்டியை எனக்கே கொடுத்துவிட்டார். உரிமைச் சான்றுதான் தொலைந்திருந்தது. வண்டிப் பதிவு அலுவலகத்தில், “நாளைக்கு வேற யாராவது சொந்தம் கொண்டாடினா நஷ்டஈடு குடுக்கணும். அதுக்கு ஜாமீன் பத்திரம் எடுத்துட்டு வாங்க, உங்க பேர்ல மாத்தித் தரோம்” என்றார்கள்.

ஜாமீன் கொடுக்கும் முகவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உடனே வில்மா அம்மா, “ரொசெண்டோவ நான் நம்புறேன். என் தம்பி கடைசியில இவன் கையப் புடிச்சுத்தான்யா நடந்தான்” என்று சத்தம் போட்டார். முகவர் பத்திரத்தில் கையெழுத்திட்டார்.

நேற்று என் பெயரில் சான்று வந்தது. சிரிக்காதே, கொஞ்சம் அழுதுவிட்டேன்.

பக்கத்து இருக்கை கிழிந்திருக்கிறது. உனக்குப் பிடித்த துணியில் ஓர் உறை தைத்து வை. அதில் நீ உட்கார்ந்தால்தான் வண்டி நிறையும்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன்
ரொசெண்டோ