பச்சை அம்புக்குறி

இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்தது போதும். நேற்று பதுளை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பார்வையில்லாத பெண் ஒருத்தி போனைத் தடவிக்கொண்டே வந்தாள். "அனுப்பு, பொத்தான்" என்றது போன். தட்டினாள், வேலை முடிந்தது. ஹாலிஎல வரும்வரை அவள் விரலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நான் வேலை செய்யும் கூட்டுறவுச் சங்கத்துக்கு டெலிபோன் ஒப்பரேட்டர் தேவைப்பட்டபோது, இணையத்தில் விண்ணப்பப் பக்கத்தைச் செய்தவன் நான். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த நீ, கண் போன பிறகு மடுல்சீமையில் வீட்டோடு கிடந்தாய். அந்த வேலைக்கு உன்னைவிட நல்ல குரல் யாருக்கு இருந்தது?

போன் வாசித்துச் சொல்வதற்காக எழுத்துக்கெல்லாம் முறையாக அடையாளம் இட்டிருந்தேன்: இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல். உன் போன் அதையெல்லாம் அழகாக வாசித்தது. அனுப்பும் பொத்தானை மட்டும் அலங்காரம் என்று நினைத்துவிட்டேன். அடையாளம் இடாத வெறும் பெட்டிக்குப் பச்சை பூசி அம்புக்குறி வைத்தேன். பார்ப்பவனுக்கு அது பொத்தான். உன் போனுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

விண்ணப்பக் கடைசி நாளுக்கு முதல் நாள் நீ எனக்குக் கோல் எடுத்தாய். அலுவலகத்தில் எல்லாரும் கேட்க ஸ்பீக்கரில் போட்டேன்.

"மச்சான், எல்லாம் நெரப்பிட்டேன். அனுப்புற எடத்தத்தான் காணோம்."

"கீழ பச்சையா இருக்கே, பாரு."

"பச்சையாவா? யாருகிட்டடா சொல்ற, படிச்ச மாடு!"

அறையே சிரித்தது. மேலதிகாரியும் சிரித்தார். அவரை இன்னும் மன்னிக்கவில்லை, உன்னையும்தான். "நாளைக்குப் பாக்குறேன்" என்று வெட்டினேன்.

அரை மணி நேர வேலை. மறுநாள் நான் அதைத் தொடவே இல்லை. உன் மனைவி மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். லய வீட்டில் உனக்கு உதவ ஆளில்லை. மூன்று முறை கோல் எடுத்தாய். மேசையில் போன் அதிர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடப்பட்டது.

பிறகு பேசியபோது, "விடு மச்சான், நாந்தான் எங்கயோ தப்பா தட்டிட்டேன்" என்றாய். ஊருக்கும் அதையே சொன்னாய். அந்தப் பெருந்தன்மையை யார் கேட்டது? திட்டியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

நீ இறந்தபின் உன் காரியத்தன்று உன் மனைவி என்னிடம் சொன்னார்: "அந்த வேலைய அவசரப்பட்டு அவரே கெடுத்துக்கிட்டாருங்க." நான் தலையாட்டினேன்.

இப்போது எந்த இணையப் பக்கம் செய்தாலும், முதலில் கண்ணை மூடிக்கொண்டு போன் வாசிப்பதைக் கேட்கிறேன். ஒவ்வொரு பொத்தானும் தன்னைப் பொத்தான் என்று சொல்லும்வரை எழுந்திருப்பதில்லை. அதனால் உனக்கு ஒரு பயனும் இல்லை.

இந்த மடலை உன் வீட்டுக்கே அனுப்புகிறேன். நீ தப்பாகத் தட்டவில்லை என்று உன் மனைவி வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும். எழுதியது யாரென்று பாதியிலேயே கண்டுபிடித்துவிடுவார். தெரிந்தும், கீழே என் பெயரைப் போட மனம் வரவில்லை. போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.