அப்பாவின் பஸ்ஸைப் படம் எடுக்கும் விதிகள்

ஜூன் 8, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நேரே மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். 'நைட் பிரின்ஸ்' கழுவித் துடைத்து நின்றது. பகலில் மட்டும் ஓடும் பஸ்ஸுக்கு ஏன் இந்தப் பெயர் என்று யாரும் கேட்பதில்லை.

பஸ் படம் எடுக்கும் எங்கள் இணையக் குழுவின் விதிப்படி டிரைவரிடம் அனுமதி கேட்டேன். அவன் சீப்பை எடுத்துத் தலை வாரினான், கறுப்புக் கண்ணாடி போட்டான், கன்னத்தில் கை வைத்துக்கொண்டான். "ஒங்கள இல்ல, பஸ்ஸ" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அதற்குள், நான் ஏதோ அரசாங்க அலுவலகத்தில் இருந்து வந்திருப்பதாக நினைத்து டைம் கீப்பர் ஓடி வந்தார்.

"எந்தக் கந்தோர்ல இருந்து வர்றீங்க?"

"கந்தோர் இல்ல. நான் பார்மசியில வேலை செய்றேன்."

"பார்மசிக்கு எதுக்கு பஸ் படம்?"

ஆண்பிள்ளை எடுத்தால் பொழுதுபோக்கு. பெண்பிள்ளை எடுத்தால் ஒன்று டிரைவர் மேல் காதல், இல்லாவிட்டால் மேலிடத்துக்கு முறைப்பாடு. பஸ் அழகாக இருக்கிறது என்று சொன்னால் நம்புவதற்கு ஆள் இல்லை.

படத்தைக் குழுவில் போட்டேன். குழுத் தலைவன் அகீல் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் வேலை செய்கிறான். எங்கள் விதிகளெல்லாம் அவன் மூளையில் பிறந்தவை. "முன் சக்கரம் கொஞ்சம் திரும்பி இருந்திருக்கலாம்" என்றான். அவனுக்கு எதுவுமே பிடிக்காது. மற்றவர்கள் இதயமாகக் கொட்டினார்கள்.

ஜூன் 9, திங்கள்

அப்பா இரவு சாப்பிடும்போது என்னிடம் பேசவில்லை. அம்மா மூலமாக உப்புக் கேட்டார். உப்பு என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

ஜூன் 11, புதன்

காரணம் தெரிந்துவிட்டது. அப்பாவின் கொண்டக்டர் அழகமுத்து நைட் பிரின்ஸ் படத்தைத் தன் போனில் காட்டியிருக்கிறார். அதோடு நிற்கவில்லை. நான் இதுவரை எடுத்த அத்தனை பஸ்ஸையும் தேடி எடுத்துக் காட்டியிருக்கிறார். நாலந்தா பஸ், தம்புள்ளை பஸ், யாரோ வாடகைக்கு எடுத்த கல்யாண பஸ் கூட. ரிவர்ஸ்டன் மலை ரோட்டில் எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அப்பா ஓட்டுகிற பஸ் மட்டும் இல்லை.

"ஏம்மா, என் வண்டி ஒனக்கு வண்டியாத் தெரியலையா?"

"சொந்தக்காரங்க பஸ்ஸ எடுக்கக்கூடாதுன்னு குழுவுல விதி இருக்குப்பா."

அப்படி ஒரு விதி இல்லை. வாயில் வந்துவிட்டது. வேறு என்ன சொல்வது? அந்த பஸ்ஸின் ஒரு ஹெட்லைட் மற்றதைவிடப் பெரியது. இடது பக்கம் நீலம், வலது பக்கம் கிட்டத்தட்ட நீலம். பின் பம்பரைக் கயிறு பிடித்துக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா?

ஜூன் 12, வியாழன்

அகீலுக்கு ரகசியமாக எழுதினேன்: சொந்தக்காரர் பஸ் கூடாது என்று ஒரு விதி போடு, புண்ணியமாகப் போகும். அவன் எதையும் ரகசியமாகச் செய்யத் தெரியாதவன். குழுவில் வாக்கெடுப்பு வைத்தான். தோற்றுவிட்டது. 'சொந்தக்காரர் பஸ்ஸைத் தாராளமாக எடுக்கலாம், உறவை மட்டும் சொன்னால் போதும்' என்று நேர்மாறான விதி நிறைவேறியது.

அழகமுத்துவும் குழுவில் இருக்கிறார் என்பது இன்றுதான் தெரியும். அப்பாவுக்கு விஷயம் நான் வீட்டுக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்டது.

ஜூன் 14, சனி

இது விளையாட்டு இல்லை என்று இன்று புரிந்தது.

என் படங்களைப் பார்த்துவிட்டு மலைக்குச் சுற்றுலா வருகிற பொடியன்கள், அப்பாவின் அதே ரோட்டில் ஓடும் நைட் பிரின்ஸுக்காகவே காத்திருக்கிறார்களாம். அப்பாவின் பஸ் வந்தால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்களாம். கலெக்‌ஷன் விழுந்துவிட்டது. பஸ்ஸின் சொந்தக்காரர் ஹாஷிம் முதலாளி, இப்படியே போனால் வண்டியைத் தன் மருமகன் ஷிஃபானிடம் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா அடுப்படியில் நின்று இதைச் சொன்னாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பாவின் வேலையைப் பறிக்கப் போவது என் போன். இப்படியும் ஒரு மகளா?

அப்பாவிடம் போய், "அடுத்த ஞாயித்துக்கிழமை எடுக்குறேன்பா" என்றேன்.

"யாரும் பிச்சை போட வேணாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எத்தன மணிக்கு?" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

அப்பா விதிகளைப் பாடமாக்குகிறார். நான் சொல்லச் சொல்ல அழகமுத்து டிக்கட் கட்டையின் பின்புறம் எழுதிக்கொள்கிறார். பயணிகளின் முகம் தெரியக்கூடாது. ஃபுட்போட்டில் ஆள் தொங்கக்கூடாது. ரூட் போர்ட் நேராக இருக்க வேண்டும். டிரைவர் கமராவையும் பார்க்கக்கூடாது, பக்கக் கண்ணாடியையும் பார்க்கக்கூடாது, ரோட்டை மட்டும் பார்க்க வேண்டும்.

"கண்ணாடியப் பாக்காம எப்பிடி ஓட்டுறது?"

"படம் எடுக்கிற ஒரு நிமிஷம்தான்பா."

முகம் தெரியாமல் ஆளில்லாத பஸ்ஸை எடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று அப்பா கேட்டார். அழகாக இருக்கும் என்றேன்.

ஜூன் 19, வியாழன்

பஸ்ஸில் சேற்றுக் காலோடு ஏற இப்போது அனுமதி இல்லையாம். அழகமுத்து வாசலில் சாக்கு விரித்திருக்கிறார். கரட் மூட்டையோடு வந்த ஒருவரிடம் அப்பா, "ஞாயித்துக்கிழமைக்குப் பொறவு வாங்க" என்றிருக்கிறார். கலெக்‌ஷன் இன்னும் விழுந்திருக்கும். இரவு அப்பா தலைக்குச் சாயம் பூசினார். நேராக ரோட்டைப் பார்க்கப் போகிறவருக்கு எதற்கு?

ஜூன் 22, ஞாயிறு

கடவுளே. எங்கே தொடங்குவது?

ரத்தோட்டையைத் தாண்டி மேலே ஒரு வளைவு. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். பஸ்ஸை அங்கே நிறுத்தி அழகமுத்து கத்தினார்: "எல்லாரும் ரெண்டு நிமிஷம் எறங்குங்க, வண்டியப் படம் எடுக்கணும்!" சனங்கள் சண்டை பிடிப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை! சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். இறங்கும் முன் ஒருவர் தவறாமல் தங்கள் சீட்டில் கைக்குட்டையோ பையோ போட்டுவிட்டார்கள். சீட் போய்விடுமே! சொந்தமாக இடம் பிடித்துவிட்ட நிம்மதியில் எல்லாரும் என் பின்னால் வந்து நின்று எனக்குப் படம் எடுக்கச் சொல்லித் தந்தார்கள். சந்தைக்குப் போய்விட்டு வந்த றஹீமா தாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள்), "கொஞ்சம் குந்தி எடு மகள், வண்டி ஒசரமாத் தெரியும்" என்றார். அவர் சொன்னது சரிதான்.

நிற்கிற படம் ஆயிற்று. அப்பாவுக்குப் போதவில்லை. "ஓடுற மாதிரி ஒண்ணு எடும்மா" என்றார். அடுத்த வளைவு வரைக்கும் போய் நிற்பதாகப் பேச்சு. கியர் போட்டார். பஸ் நகர்ந்தது. நகர்ந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டே பழகியவர் அழகமுத்து. அவரும் தொற்றிக்கொண்டார்.

வளைவில் நிற்கவில்லை. வளைந்து போயேவிட்டது.

எல்லாரும் ரோட்டுக்கு நடுவில் ஓடிக் கையைத் தூக்கிக் கத்தினோம். "ஏய் நிப்பாட்டு!" "என் பேக்கு!" "என் பாணு, ராத்திரிக்குச் சாப்பாடு அதான்!" அப்பா கண்ணாடியைப் பார்க்கவில்லை. நான்தானே சொன்னேன், பார்க்காதீர்கள் என்று. போனில் அழைத்தால் எடுக்கவில்லை. ஓட்டும்போது போன் எடுக்காத ஒரே டிரைவர் இந்த மாவட்டத்தில் என் அப்பாதான்.

பிறகு அழகமுத்து சொன்னது: உள்ளே திரும்பிப் பார்த்தாராம். சீட்டெல்லாம் கைக்குட்டை, ஆள் ஒன்றும் இல்லை. பதறிப்போய், "அண்ணே, சனம் இல்ல அண்ணே" என்றிருக்கிறார். "பேச்சுக் குடுக்காத, புள்ள எடுத்துக்கிட்டு இருக்கா" என்று அப்பா விறைப்பாக ரோட்டைப் பார்த்தபடியே மலை ஏறிவிட்டார். விஷயம் மண்டைக்குள் ஏறியபோது பெரிய பஸ்ஸைத் திருப்ப அந்த ரோட்டில் இடம் இல்லை. ரிவர்ஸ்டன் வரைக்கும் போயாக வேண்டும். "இன்னிக்கு வண்டி சும்மா பறக்குதேன்னு நெனச்சேன்" என்று அப்பா வீட்டில் சொன்னார். பறக்காமல் என்ன செய்யும்?

எங்களை ஏற்றிக்கொண்டு மேலே போனது நைட் பிரின்ஸ். அந்த டிரைவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துச் சிரித்தான். அவமானத்தில் செத்துப்போகலாம் போல இருந்தது.

ஜூன் 23, திங்கள்

ஹாஷிம் முதலாளி வீட்டுக்கே வந்தார். கத்தவில்லை.

"ரபாயேல், பஸ்ஸ மறந்துட்டு சனத்தோட போன டிரைவரக் கேள்விப்பட்டிருக்கேன். சனத்த மறந்துட்டு பஸ்ஸோட போன ஆள இப்பதான் பாக்குறேன். கொஞ்ச நாள் வீட்டுல இரிங்க."

அப்பா சாவியை மேசையில் வைத்தார். அம்மா தேத்தண்ணி கொண்டு வந்தாள். முதலாளி குடித்துவிட்டு, நல்ல சாயம் என்றார். தேத்தண்ணியைச் சொன்னாரா அப்பாவின் தலையைச் சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை.

ஜூன் 25, புதன்

அப்பா வீட்டில் இருக்கிறார். முன் அறைக் கதிரையில் உட்கார்ந்து காலால் நிலத்தை மிதித்துக்கொண்டே இருக்கிறார். பிரேக்.

ஜூன் 28, சனி

அன்று அந்தக் கலவரத்தில் என் விரல் தானாகவே ஒரு படம் எடுத்திருக்கிறது. இன்றுதான் பார்த்தேன். பஸ் பனிக்குள் பாதி போய்விட்டது. ஓட்டமாய் ஓடும் சனங்களின் முதுகும் தூக்கிய கைகளும் முன்னால். ஒரு முகம் கூடத் தெரியவில்லை. நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான். ஆனால் டிரைவர் சம்மதிக்காமல் போட முடியாது. எப்படிக் கேட்பது? உங்கள் மானம் போன நேரத்தை நல்ல வெளிச்சத்தில் எடுத்திருக்கிறேன் என்றா?

கேட்டுவிட்டேன். போனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பெரிதாக்கினார், சிறிதாக்கினார்.

"இது என் வண்டியா?"

"ஆமாப்பா."

"அது ரோட்டுல போறத நான் பாத்ததே இல்லம்மா."

முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எந்நேரமும் உள்ளேயே இருந்தவர். ஓடுகிற தன் பஸ்ஸை ஊரில் பார்க்காத ஒரே மனிதர் அப்பாதான்.

ஜூலை 6, ஞாயிறு

அப்பாவைக் கூட்டிக்கொண்டு அதே வளைவுக்குப் போனேன். ஆட்டோவில் போய் இறங்கினோம். அப்பா பூசைக்குப் போகும் சேட் போட்டிருந்தார். காற்று ஆளைத் தள்ளியது.

கீழே ஷிஃபான் ஓட்டி வரும் எங்கள் பஸ்ஸின் சத்தம் கேட்டதும் அப்பா, "ரெண்டாவது கியர்" என்றார். "இப்ப மாத்துறான். ஐயோ, அவசரப்படுறான்." தேயிலைக்கு மேலே முதலில் பெரிய ஹெட்லைட் தெரிந்தது, பிறகு சின்னது. சுற்றுலாப் பொடியன்கள் நைட் பிரின்ஸில் போனால் என்ன, தோட்டத்துச் சனம் முழுக்க இதில்தான். ஃபுட்போட்டில் ஆட்கள் கொத்தாகத் தொங்கினார்கள். ஒருவன் பலாப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தொங்கினான். பஸ் ஒரு பக்கம் சாய்ந்து, புகை கக்கி, முக்கி முனகி ஏறியது. எந்த விதிப்படியும் எடுக்கக்கூடாத படம். போனைத் தூக்க எனக்கு மறந்தே போய்விட்டது.

அப்பா ரோட்டோரம் போய்க் கையை நீட்டினார். எங்கே போகப் போகிறார் என்று அவருக்கே தெரியாது.

ஷிஃபான் நிறுத்தவில்லை. ஹோர்னை அடித்துக்கொண்டு போய்விட்டான். அழகமுத்து மட்டும் ஃபுட்போட்டில் இருந்து, "அண்ணே! அண்ணே!" என்று கத்திக்கொண்டே பனிக்குள் மறைந்தார்.

அப்பா நீட்டிய கையை மடக்கவில்லை. "வழியில நிக்கிறவன உட்டுட்டுப் போறானே" என்றார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. தேயிலைக்கு நடுவில் நின்று இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் எனக்கு அழுகை வந்தது. இந்த பஸ்ஸைப் பார்க்க நான் வெட்கப்பட்டேனே என்று வந்தது. அப்பாவிடம் சொன்னேன். "எனக்கும் வெளிய இருந்து பாத்தாக் கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு. அந்த பம்பரக் கட்டணும்" என்றார்.

ஜூலை 10, வியாழன்

இன்று போயா, பௌர்ணமி விடுமுறை. றஹீமா தாத்தா தலைமையில் அன்று ரோட்டில் நின்ற சனம் ஹாஷிம் முதலாளியின் வீட்டுக்குப் போயிருக்கிறது. அப்பாவை விட்டுவைக்க மாட்டார்கள் என்றுதான் அம்மா பயந்தாள். அழகமுத்து வந்து சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

"ரபாயேல் அண்ணன் எங்கள உட்டுட்டுப் போனது ஒரே ஒரு நாள். ஒங்கட மருமகன் ஒவ்வொரு நாளும் உட்டுட்டுப் போறார்" என்று தாத்தா சொன்னாராம். முதலாளி யோசித்துவிட்டு, அதுவும் நியாயம்தான் என்றாராம்.

ஜூலை 14, திங்கள்

விடியும் முன் அப்பா, முதலாளி திருப்பித் தந்த சாவியைக் கிலுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். பம்பருக்குப் புதுக் கயிறு வாங்கியிருக்கிறார், சிவப்பு.

"இன்னிக்கு எந்த வளைவுல நிப்ப?" என்று மெதுவாகக் கேட்டார்.

சொல்லவில்லை. சொன்னால் எல்லாரையும் இறக்கிவிடுவார்.