ஆவணியில்தான் கலியாணம்

2022 ஒக்டோபர் 19, புதன்

இன்று நான் சொல்லாமல் விட்டது: "எங்களுக்கு விவாகப் பதிவு முடிந்துவிட்டது."

நாலே சொற்கள். நாக்கு நுனிவரை வந்தன. அதற்கப்பால் வரவில்லை.

புளியந்தீவில், வினாயகமூர்த்தி அண்ணனின் விசா ஏஜென்சி. மாடியில் ஒரே ஓர் அறை. பிரதீஸ் வெல்டிங் வேலைக்குக் கனடாவுக்கு விண்ணப்பிக்கிறார். அங்கே ஒரு பட்டறை வேலைக் கடிதம் கொடுத்திருக்கிறது. சரிவந்தால் நிரந்தரமாகவே இருக்கலாம். அண்ணன் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுக் கணினியில் நிரப்பினார்.

"கலியாணம் முடிச்சா தம்பி?"

"இல்லண்ணன். ஆவணியிலதான் கலியாணம்."

"அப்ப இவ?"

"பாத்து வச்சிரிக்கி" என்று பிரதீஸ் கண்ணடித்தார்.

அண்ணன் குலுங்கிச் சிரித்தார். "தங்கச்சி, ஆள் பறக்கப் போகுது. கயிறு ஒண்டு வாங்கிக் கட்டி வைங்க." சிரிப்பு அடங்குவதற்குள் 'தனியாள்' என்ற கட்டத்தில் புள்ளடி விழுந்துவிட்டது.

பிரதீஸ் பொய் சொல்லவில்லை. சித்தாண்டியில் அவருடைய ஆட்களைக் கேட்டாலும், செங்கலடியில் எங்கள் ஆட்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். தாலி ஏறாமல் கலியாணம் முடிந்தது என்று எவரும் சொல்வதில்லை. எழுத்து, அதாவது விவாகப் பதிவு, முன்கூட்டிச் செய்துவைக்கிற ஒரு காரியம். அதுவும் எங்கள் எழுத்து, அப்பாவின் கட்டிலருகே நடந்தது. ஆனி மாதம், பெற்றோல் இல்லாத நாட்கள், பதிவாளர் சைக்கிளில் வியர்த்து வந்தார். அப்பா தலையணையில் சாய்ந்தபடி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பதினாறாம் நாள் போய்விட்டார். ஓராண்டு ஆட்டத்திவசம் கழியாமல் தாலி கட்டக்கூடாது. ஆகவே அடுத்த ஆவணி.

ஆனால் அந்த நாட்டுக்கு எழுத்துதான் கலியாணம். எனக்கு அது தெரியும். நான் வேலை பார்க்கும் நூலகத்தில் அவர்களுடைய வழிகாட்டியை அச்செடுத்து முழுவதும் வாசித்திருந்தேன். விண்ணப்பத்தில் காட்டாத மனைவியைப் பிறகு குடும்ப விசாவில் அழைக்க முடியாது. அந்த வரியின் கீழே பென்சிலால் கோடுகூடப் போட்டிருக்கிறேன்.

ஒக்டோபர் 20

ஏன் சொல்லவில்லை?

நேர்மையாக எழுதுகிறேன், இதை வேறு யாரும் வாசிக்கப் போவதில்லை. "பாத்து வச்சிரிக்கி" என்றது சுட்டது. "இவ என்ட மனிசி" என்று அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. பஸ்ஸில் கச்சான் கடலை வாங்கித் தந்து, "என்ன யோசினை?" என்றார். "ஒண்டுமில்ல" என்றேன்.

கதைப் புத்தகங்களில் இப்படி ஒருத்தி வந்தால் எரிச்சலோடு பக்கத்தைத் திருப்புகிறவள் நான். வாயைத் திறந்தால் என்ன குறைந்துவிடும் இவளுக்கு என்று.

நாளைக்குச் சொல்லலாம்.

நவம்பர் 6, ஞாயிறு

மாமி, பிரதீஸின் அம்மா, தயிர்ச்சட்டியோடு வந்திருந்தார். மெதுவாகத் தொடங்கினேன் - "மாமி, அந்த விசாப் போமில எழுத்தையும் காட்டவேணும்போல..."

"எழுத்து பேப்பர்தானே மகள். கோயில்ல தாலி கட்டினாத்தான் நீ எனக்கு மருமகள். அதுவரைக்கும் உனக்குத் தயிர்கூடக் கடன்தான்" என்று சிரித்தார்.

அவர் போனபின் அம்மா குசினியில் வைத்துச் சொன்னார்: "சும்மா இருகா. அவங்கட பயணத்த முறிச்சவள் எண்டு பேர் எடுக்காத."

பிரதீஸிடம் நேரே சொல்லலாம். அவர் திட்டமாட்டார். அதுவும் தெரியும்.

2023 ஓகஸ்ட் 27

ஆவணி வந்தது, கலியாணம் வரவில்லை. விண்ணப்பம் உள்ளே போய்விட்டதாம். இப்போது தாலி கட்டினால் 'தனியாள்' என்றதை மாற்ற வேண்டுமாம், இழுபடுமாம். போய் வந்து செய்யட்டும் என்றாராம் வினாயகமூர்த்தி அண்ணன்.

"ஒரு ஆவணி போனா என்ன விது? வருசா வருசம் வரும்தானே" என்றார் பிரதீஸ்.

கூறைச்சேலை அலுமாரியில் இருக்கிறது. பூச்சி உருண்டை வைத்தேன்.

2024 ஜனவரி 23

விசாக் கடிதம் வந்துவிட்டது. பிரதீஸ் அதை மார்புக்குள் வைத்துக்கொண்டு மோட்டார்சைக்கிளில் வந்தார், பின்னால் மாமி. "நீ வாசிச்சாத்தான் எனக்கு நம்பிக்கை" என்று என்னிடம் நீட்டினார். நான் ஆங்கிலத்தில் வாசித்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். மாமி அழுதுகொண்டே அம்மாவின் கையைப் பிடித்திருந்தார்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி. குடும்ப நிலையில் மாற்றம் இருந்தால், அல்லது தெரிவிக்காதது ஏதும் இருந்தால், அங்கே வந்து இறங்குவதற்கு முன் அறிவிக்க வேண்டும்.

அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

அன்று ஏஜென்சியில் நான் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். இன்று அப்படியில்லை. கண் அந்த வரியில் நின்றது, வாய் தாண்டிப் போனது. சொன்னால் பயணம் நின்றுவிடும் என்பது ஒன்று. இத்தனை மாதமாகத் தெரிந்துகொண்டா இருந்தாய் என்று கேட்பாரே - அதுதான் பெரிதாக இருந்தது.

பெப்ரவரி 11

கட்டுநாயக்க விமான நிலையம். கண்ணாடிக்கு அப்பால் நின்று கையசைத்தார்.

ஜூன் 2

குடும்ப விசாவுக்கு விண்ணப்பம். விவாகச் சான்றிதழின் மொழிபெயர்ப்பைக் கொண்டுபோனேன். வினாயகமூர்த்தி அண்ணன் திகதியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"2022 யூன் 24. நம்மட போமுக்கு முன்னுக்கே இது இருந்ததா தங்கச்சி?"

"ஓம்."

"ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல?"

மேசைக்கு அப்பால், ஜன்னலில், வாவி தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, அனுப்பிப் பாப்பம்" என்றார்.

சான்றிதழில் 'இளையதம்பி' என்ற அப்பாவின் கையெழுத்து. கடைசி எழுத்து கோட்டிலிருந்து கீழே வழுக்கியிருக்கிறது. இதைத்தான் இல்லையென்று வைத்தோம்.

நவம்பர் 24

மூன்று நாளாக மழை. நூலக வாசல்வரை தண்ணீர். கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேலே ஏற்றினோம்.

பிரதீஸ் வீடியோவில் வந்தார். வாடகை வீட்டில் பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு புத்தகத் தட்டு. காலொன்றைத் தானே ஒட்டியிருக்கிறார். "மூண்டு தட்டுதான். உனக்குக் காணாது எண்டு தெரியும். மறுகா இன்னொண்டு வாங்குவம்."

தட்டில் இப்போது அவருடைய தொப்பியும் கையுறையும் இருக்கின்றன.

2025 மார்ச் 12

குடும்ப விசாவை மறுத்துவிட்டார்கள். காரணம் ஒரே பந்தி. எனக்கு அதை வாசிக்கத் தேவையே இருக்கவில்லை. அச்செடுத்த பக்கத்தில் என் பென்சில் கோடு இன்னும் இருக்கிறது.

பிரதீஸ் அழுதார். "என்ட பிழை விது. எழுத்தும் கலியாணம்தான் எண்டு எனக்கு விளங்காமப் போச்சு. நீ படிச்ச புள்ள, என்னைமாதிரி ஒருத்தனிட்ட வந்து மாட்டிக்கிட்டாய்."

"அழாதீங்க" என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு

வேலை விசாவில் நான் தனியாகப் போக முடியுமா என்று அண்ணனிடம் கேட்டேன். "நூலகம் பாக்கிற ஆக்கள அங்க ஒருத்தரும் தேடல்ல தங்கச்சி" என்றார்.

பின்னேரம் பிரதீஸ் போன் எடுத்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறாராம். "சித்தாண்டியில இரும்பு கேற் ஒட்டிச் சீவிப்பன். வாற ஆவணியில தாலி. என்ட பிழைக்கு நான்தானே கட்டோணும்."

அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை.

"வாறதுக்கு முதல் ஒண்டு சொல்லோணும். எனக்கு அண்டைக்கே தெரியும்."

"எண்டைக்கு?"

"ஏஜென்சியில. நீங்க இல்ல எண்டு சொன்ன நேரம். மறுகா விசாக் கடிதத்திலயும் ஒரு வரி இருந்தது. உங்களுக்கு வாசிக்காம விட்டன்."

அங்கே எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

"ஏன்?"

"நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இருந்தன்."

"என்னத்த?"

"நான் உங்கட மனிசி எண்டு."

"விது... நான் தெரியாமச் செஞ்சன். நீ தெரிஞ்சுகொண்டு என்னை அழவும் விட்டாய்."

வைத்துவிட்டார்.

மார்ச் 25

அவர் போன் எடுத்து ஒன்பது நாள்.

ஏப்ரல் 14

புதுவருசம். மாமி போன் எடுத்தார். வாழ்த்தில்லை. "என்னகா செஞ்சாய் என்ட புள்ளைய? டிக்கெட் பாத்துக்கிட்டு இருந்தவன், உன்ட பேரச் சொன்னா இப்ப போன வைக்கிறான்."

அவர் மாமியிடம் காரணத்தைச் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த நல்லகுணம்தான் இன்றைக்கு முழுவதும் என்னைத் தின்கிறது.

சொல்லாமலே இருந்திருந்தால் வந்திருப்பார். ஒவ்வோர் ஆவணியும் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார். அப்படி வாழ்ந்திருப்பேனா? - வாழ்ந்திருப்பேன். அதுதான் பயமாக இருக்கிறது.

ஓகஸ்ட் 30

வட்ஸ்அப்பில் அவருடைய செய்தி. "கோவம் இல்ல விது. ஆனா இனி உன்ன நம்பி ஒண்ட வாசிக்கக் குடுக்க என்னால ஏலா. எழுத்த முடிச்சுக்கொள்ளுவம். நீயே வழக்குப் போடு, நான் மறுக்கமாட்டன்."

"சரி" என்று அனுப்பினேன். நான்கு தடவை வேறு ஏதோ எழுதி அழித்தபின்.

டிசம்பர் 3, புதன்

சட்டத்தரணியிடம் போனேன், அம்மா வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். விவாகரத்து மனு தயாராக இருந்தது. வழக்காளி விதுர்ஷா. எதிராளி பிரதீஸ். மூன்றாம் பந்தியில், எதிராளி 2024 பெப்ரவரி 11ஆம் திகதி வழக்காளியை வேண்டுமென்றே கைவிட்டுச் சென்றார் என்று எழுதியிருந்தது.

"அப்பிடி ஒரு காரணம் இல்லாம கோட் வழக்க எடுக்காது பிள்ளை" என்றார் சட்டத்தரணி. "வாசிச்சிற்றீங்களா? மாத்த ஏதும் இரிக்கா?"

எல்லாப் பக்கங்களையும் வாசித்திருந்தேன். இல்லையென்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.