இளையவனின் மார்பளவு

அனுப்புநர்:
கொதிகலன் தொழிலாளி (வேலை போனவர்),
ஆலைக் குடியிருப்பு, கடைசி வரிசை,
பொதுக் கழிப்பறைக்கு அடுத்த வீடு.

பெறுநர்:
ஆள்சேர்ப்பு அதிகாரி அவர்கள்,
படை முகாம், மூடப்பட்ட ஆலை வளாகம்.

பொருள்: மார்பளவு போதாதென்று என் இளைய மகனைத் திருப்பி அனுப்பிய அளவுக்காரர் மீது புகார், மறுபடி அளக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நடந்தது எதையும் மறந்ததில்லை. ஆலை ஒரு செவ்வாய்க்கிழமை மூடியது. ஓட்டுக் கேட்டு வந்த அமைச்சர் என் கொதிகலன் மேல் கையை வைத்து, "மூணே மாசம், புகை வரும்" என்றார். ஜெயித்தார். நாலாம் மாதம் தங்கள் கூடாரம் வந்தது. கூடவே ஓர் உத்தரவு: வீட்டுக்கு ஒருவர் படையில் இருந்தால் குடியிருப்பில் இருக்கலாம், இல்லாதவர்கள் காலி செய்ய வேண்டும்.

2. மூத்தவனை அனுப்பினேன். அவனுக்கும் மார்பு இரண்டு விரற்கடை குறைவுதான். இதே அளவுக்காரர், "மூச்சப் புடிடா, விட்டா வீடு போயிரும்" என்று சிரித்தபடி, நாடாவுக்குள் தன் இரண்டு விரலை விட்டு அளந்து, தேர்வு என்று எழுதினார். அப்போது ஆள் போதவில்லை.

3. பதினோராம் மாதம் மூத்தவன் பெட்டியில் வந்தான். திறக்கக் கூடாது என்றார்கள், திறக்கவில்லை. அடுத்த வாரமே, பணியில் இருப்பவர் எவரும் இவ்வீட்டில் இல்லை, முப்பது நாளில் காலி செய்க என்று கடிதம் வந்தது. நேரில் போய்க் கேட்டேன். "செத்தவரு பணியில இல்லையே, பெரியவரே. அதான் இன்னொருத்தன் இருக்கானே!" என்றார் குமாஸ்தா. என் மனைவி படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள்.

4. இளையவனைக் கூட்டி வந்தேன். அதே குறை, அதே அளவுக்காரர். இந்தத் தடவை விரலை விடவில்லை. "சுத்துவட்டாரத்துல நாலு ஆலை மூடியாச்சு, தாத்தா. நெஞ்சு அகலமானவனுங்களே வரிசையில நிக்கிறானுங்க" என்றார். ஒரு வயிற்றில் பிறந்து ஒரே அரைவயிற்றுச் சோறு தின்றவர்கள். அண்ணனுக்கு விட்ட விரலைத் தம்பிக்கு ஏன் விடவில்லை என்பதே என் புகார்.

5. இளையவனுக்கு இதில் விருப்பமில்லை. "அம்மாவ நான் முதுகுல தூக்கிக்கறேன்ப்பா, எங்கயாச்சும் போய்ப் பொழச்சுக்கலாம்" என்கிறான். அதையும் மறைக்காமல் எழுதச் சொன்னேன். இந்த மனுவை எழுதுபவன் அவன்தான். வீட்டில் படித்தவன் அவன் ஒருவனே. இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தான். எடு என்றேன். எடுத்துவிட்டான். சொன்ன சொல் தட்டாதவன் என்பதற்கு இதையே சாட்சியாகக் கொள்ளவும்.

இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் அவனை மறுபடி அளந்து எடுத்துக்கொள்ளுமாறு தங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஆலைக் குடியிருப்பு
நாள்: இம்மாதம் இருபத்தொன்று

இப்படிக்கு,
(இடது பெருவிரல் ரேகை)

சொல்லச் சொல்ல எழுதி, திரும்ப வாசித்துக் காட்டியது:
மேற்படி இளைய மகன் (கையொப்பம்)